குமரிக் கடற்கரையில் மூன்று நாள்: முதலில் கடல், பிறகு அறை

நாகர்கோவிலில் எங்கள் வீடு இருப்பதால், குடும்பத்தில் யாருக்குக் கடல் பார்க்கும் ஆசை வந்தாலும் முதல் தொலைபேசி அழைப்பு எனக்குத்தான் வரும். கோயம்புத்தூர் மதினி, சென்னைச் சித்தப்பா, கல்லூரித் தோழர்கள், அவர்களின் தோழர்கள் என்று பல ஆண்டுகளாகப் பலரை அழைத்துக்கொண்டு கரை கரையாகப் போயிருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அறையை முதலில் பிடித்துவிட்டுக் கடலைப் பிறகு பார்க்கிறார்கள். படத்தில் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, வந்து இறங்கிய பிறகுதான் அந்தக் கரையில் குளிக்கவே முடியாது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

குழந்தைகளும் முதியவர்களும் உள்ள ஒரு குடும்பம் மூன்று நாள் தங்குவதாக வைத்துக்கொண்டு கீழே உள்ளதை எழுதியிருக்கிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான விடையைத் தருகிறது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

வாடகைத் தள்ளுபடியைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது குமரியின் மேற்குக் கரையில் அலை ஆள் உயரத்துக்கு எழும். பல கடலோர ஊர்களில் தண்ணீர் சாலை வரைக்கும் வந்துவிடும். பொங்கும் கடலைத் தள்ளி நின்று பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். குழந்தையோடு காலை நனைக்க நினைப்பவர்களுக்கு அது ஏற்ற காலம் இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் இது. காலை வெயில் அடித்துவிட்டு மாலையில் இடியோடு மழை கொட்டும் நாட்கள் நிறைய உண்டு. மாலை நேரத்தை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை கடலும் வானமும் ஓரளவு ஒத்துழைக்கும். என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி. நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டத்தால் கன்னியாகுமரி ஊருக்குள் அறை கிடைப்பதும் படகில் இடம் கிடைப்பதும் கடினம். மாசி மாதத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடை விழா நடக்கும் பத்து நாளும் அந்தப் பக்கத்துச் சாலைகள் நெரிசலாக இருக்கும். கொடையைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் நல்லது, அறையை மிக முன்னதாகச் சொல்லிவையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்கள் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் வருகிறார்கள். புயல் அறிகுறி ஏதுமில்லாமல் கடல் திடீரென்று எழும்பும் கள்ளக்கடல் வரும் மாதங்களும் அவைதான். அதைப் பற்றி ஏழாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

2. எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

குமரி மாவட்டக் கடற்கரை ஒரே மாதிரி இல்லை. முனைக்குக் கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல் என்றே நினைத்துக்கொள்ளலாம். வீட்டில் யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு கரையைத் தேர்ந்தெடுங்கள்.

கன்னியாகுமரி ஊர்க் கரை பார்ப்பதற்கானது. பாறைகள் நிறைந்த இடம். முக்கடல் கூடுமிடத்தில் கல்கட்டுக்குள் நின்று முழுக்குப் போடலாமே தவிர, விரிந்த மணலில் ஓடியாடும் இடம் அல்ல. விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கும் போகும் படகுத்துறை, பகவதி அம்மன் கோவில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால், முதியவர்கள் உள்ள குடும்பத்துக்கு ஊருக்குள் தங்குவது வசதி.

வட்டக்கோட்டை கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோட்டைச் சுவரின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர். காலையில் ஒரு மணி நேரம் போய்வரத் தக்க இடம். அங்கே கரையில் கருமணல் கிடக்கிறது. நண்பகலில் கருமணல் வெறுங்காலைச் சுட்டுவிடும் என்பதைப் பல குழந்தைகள் அழுதுதான் தெரிந்துகொண்டார்கள். செருப்போடு போங்கள்.

சொத்தவிளையும் சங்குத்துறையும் நீண்ட மணற்கரைகள். நாகர்கோவில்காரர்கள் மாலையில் காற்று வாங்கப் போகும் இடம் சங்குத்துறை. மணலில் விளையாட, நடக்க, உட்கார்ந்து பேச இரண்டும் மிக நல்லவை. மணல் மென்மையாக இருப்பதால் கடலும் மென்மையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரைகளில் மணல் சரிவு செங்குத்தானது. இரண்டாவது அடியில் முழங்கால் அளவு இருக்கும் தண்ணீர், நாலாவது அடியில் இடுப்பைத் தாண்டிவிடும்.

முட்டம் என் மனதுக்கு நெருக்கமான இடம். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே பாறைக் கூட்டம், அதில் மோதிச் சிதறும் அலை. மாலையை அங்கே கழிக்காமல் யாரும் ஊர் திரும்பக் கூடாது என்பேன். ஆனால் பாறைகளில் பாசி படிந்திருக்கும். படம் எடுப்பதற்காக ஈரப் பாறையில் இறங்குவதுதான் அங்கே நான் அதிகம் பார்த்த தவறு. பாறை நனைந்திருக்கிறது என்றால் அலை அங்கே வருகிறது என்று பொருள். காய்ந்த பாறையோடு நின்றுகொள்ளுங்கள்.

தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கிறது. தென்னந்தோப்பும் ஆறும் கடலும் ஒன்றாகத் தெரியும் அழகு அங்கே உண்டு. ஆற்றுமுகம் என்பதால் நீரோட்டம் நேரத்துக்கு நேரம் மாறும். முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம். மணக்குடியில் பழையாறு சேரும் இடத்துக்கும் இதே விதி.

ஆக, கரையோர விடுதியில் ஓய்வாகத் தங்க விரும்பினால் மேற்குப் பக்கம். கோவில், படகு, கடைத்தெரு வேண்டுமானால் ஊருக்குள். இரண்டும் வேண்டும் என்பவர்கள் முதல் இரவை ஊருக்குள்ளும் அடுத்த இரண்டு இரவை மேற்கிலும் வைத்துக்கொள்ளலாம். தினமும் அங்குமிங்கும் ஓடுவதைவிட ஒருமுறை பெட்டியை மாற்றுவது எளிது.

3. பணம் கட்டும் முன் விடுதியில் கேட்க வேண்டியவை

முதலில் ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள். கோவளம் என்ற பெயரில் மூன்று கடற்கரைகள் இருக்கின்றன. ஒன்று கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், ஒன்று சென்னைக்குத் தெற்கே, ஒன்று கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகில். எங்களிடம் சாப்பிட வருவதாகச் சொன்ன ஒரு தோழர் குடும்பம், முன்பதிவுச் சீட்டைத் திறந்து பார்த்தபோது கேரளக் கோவளத்தில் அறை போட்டிருந்தது தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து அது இரண்டு மணி நேரப் பயணம். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் படித்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

அடுத்து, தொலைபேசியில் பேசுங்கள். இணையப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். விடுதியில் பேசும்போது "கடல் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். தெரியும் என்றுதான் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். என் தங்கை குடும்பம் அப்படிக் கேட்டுப் பிடித்த அறையில் கடல் தெரிந்தது. அறைக்கும் கடலுக்கும் நடுவில் லாரி அளவுக் கருங்கற்களை அடுக்கிய அலைத்தடுப்புச் சுவர் இருந்தது. மூன்று நாளும் அவர்கள் மணலை மிதிக்கவில்லை.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. அறையிலிருந்து மணலில் கால் வைக்க எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்? நடுவில் படி எத்தனை, கைப்பிடி உண்டா? கரையில் கல்சுவரோ, கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவோ இருக்கிறதா? உங்கள் விருந்தினர்கள் அந்த இடத்தில் கடலில் குளிக்கிறார்களா, இல்லையா? கடைசிக் கேள்விக்கு "குளிக்கலாம், ஒன்றும் ஆகாது" என்று அவசரமாகப் பதில் வந்தால் நான் அந்த விடுதியை விட்டுவிடுவேன். "இங்கே இறங்க விடமாட்டோம், காலை மட்டும் நனைக்கலாம்" என்று சொல்பவர்தான் கரையை அறிந்தவர்.

தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். குளிக்கும் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி திரியாகிவிடும். குடிதண்ணீர் தனியாக வருகிறதா என்று தெரிந்துகொண்டால் கைக்குழந்தைக்கு எத்தனை கேன் வாங்க வேண்டும் என்று கணக்குப் போடலாம்.

நீச்சல் குளம் முக்கியம் என்றால், நீங்கள் வரும் தேதியில் அது திறந்திருக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குளத்துக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து நாங்கள் போன ஓரிடத்தில் பராமரிப்பு என்று பலகை தொங்கியது. குழந்தைகளைச் சமாதானப்படுத்த ஒரு நாள் போனது. ஆழம் குறைந்த பகுதி தனியாக இருக்கிறதா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நேரக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் உள்ள பல லாட்ஜுகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் அறை தருவார்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் அதிகாலையில் இறங்கிவிடுவார்கள். காலை ஆறு மணிக்குப் பெட்டியோடும் தூங்கும் குழந்தையோடும் வரவேற்பறையில் ஆறு மணி நேரம் உட்காரும் துன்பத்தை இந்த ஒரு கேள்வி தவிர்த்துவிடும்.

4. பையில் இருக்க வேண்டியவை

உடைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மறந்துபோகும் பொருட்களை மட்டும் சொல்கிறேன். பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு, பாறைக்கும் சுடுமணலுக்கும். கண்ணைக் கவரும் நிறத்தில் குழந்தைகளுக்குச் சட்டை, ஏனென்றால் நீலமும் பச்சையும் தண்ணீரில் தெரியாது, ஆரஞ்சும் சிவப்பும் தெரியும். ஒரு சிறு டார்ச். பகவதி அம்மன் கோவிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும் என்பதால் தோளில் போட ஒரு துண்டு. பத்து மீட்டர் நைலான் கயிறும் மூடியுள்ள காலிப் பிளாஸ்டிக் கேனும். அது எதற்கு என்பதை எட்டாம் படியில் பாருங்கள்.

5. வந்து சேருதல்

ரயிலில் வருபவர்கள் மேற்குக் கரை விடுதி என்றால் நாகர்கோவிலிலேயே இறங்கிவிடுங்கள். கன்னியாகுமரி வரை போய்த் திரும்பி வருவதில் பயனில்லை. விமானத்தில் வருபவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்.

வெளியூர் பஸ்கள் வடசேரி நிலையத்துக்கு வரும். கடலோர ஊர்களுக்குப் போகும் டவுன் பஸ்கள் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். இரண்டும் வேறு வேறு இடங்கள். வடசேரியில் நின்று முட்டம் பஸ்ஸைத் தேடும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெட்டிகள் இருந்தால் ஆட்டோ எடுங்கள், ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். மாலையில் கடற்கரைக்குப் போகும்போது திரும்பி வரும் கடைசி பஸ் நேரத்தை நடத்துனரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

6. அறைக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம்

பெட்டியைத் திறக்கும் முன் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். உப்பு தெரிந்தால் அப்போதே கேன் தண்ணீர் சொல்லிவிடலாம். குளிரூட்டியை ஓடவிடுங்கள். கடலோரத்தில் உப்புக்காற்று இயந்திரங்களை விரைவில் அரிப்பதால், பாதி குளிரும் பெட்டிகள் சாதாரணம். பெட்டி திறக்காதவரை அறையை மாற்றித் தருவார்கள். துணியெல்லாம் விரித்துப் போட்ட பிறகு கேட்டால் அவர்களுக்கும் மனம் வராது, உங்களுக்கும் வராது.

மாடி முகப்பின் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். மேலே பெயின்ட் புதிதாக இருந்தாலும் அடியில் துரு தின்றிருக்கலாம். குழந்தைகள் ஏறி நிற்கும் இடம் அது. கதவுத் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீச்சல் குளத்துக்கு ஒரு சோதனை போதும். கரையில் நின்று பார்த்தால் ஆழமான பகுதியின் தரை ஓடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தண்ணீர் கலங்கியிருக்கிறது. கலங்கிய தண்ணீரில் மூழ்கிய குழந்தையை யாராலும் உடனே பார்க்க முடியாது. ஆகவே இறங்க வேண்டாம்.

7. கடலில் கால் வைக்கும் முன் அரை மணி நேரம்

இந்தப் படியை ஒருவரும் தவற விடக் கூடாது. மற்ற படிகளை விட்டால் பணமோ நேரமோ போகும். இதை விட்டால் உயிர் போகும்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் குறித்த எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. வானத்தில் புயலில்லை, கரையில் பெருங்காற்று இல்லை. அதனால்தான் அந்தப் பெயர். தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த காற்று எழுப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே கடல் திடீரென்று எழும்பி, மணலில் உட்கார்ந்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே வானத்தைப் பார்த்துக் கடலை மதிப்பிடாதீர்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகம் அதை அறிவிக்கும், நாளிதழ்களிலும் செய்திகளிலும் வரும். ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று கடற்கரைக்கே போக வேண்டாம். வட்டக்கோட்டை மேலிருந்தோ முட்டம் மேட்டிலிருந்தோ பார்த்துக்கொள்ளலாம். திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை என்று உள்நாட்டிலும் ஒரு முழு நாளுக்கு இடம் இருக்கிறது.

எச்சரிக்கை இல்லாத நாளில், கரையில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். அரை மணி நேரம் ஏன்? அலைகள் சில சிறியதாகவும் சில பெரியதாகவும் கூட்டங் கூட்டமாக வரும். சிறிய கூட்டம் வரும் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு இறங்குபவர்கள்தான் பெரிய கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஈர மணலின் எல்லை எது என்று கவனியுங்கள். மிகப் பெரிய அலை அதுவரை வந்திருக்கிறது. செருப்பு, பை, உட்காரும் விரிப்பு எல்லாம் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அலை உடையாத இடம். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கரும்பச்சையாகத் தெரியும். அங்கேதான் பாதுகாப்பு என்று நினைத்துக் குழந்தையை அழைத்துப் போவார்கள். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அங்கே ஆழம் அதிகம் என்பதால்தான் அலை உடைவதில்லை. நுரையும் குப்பையும் அந்த வழியாகக் கடலை நோக்கிப் போவதை உற்றுப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசையை இங்கே தூண்டில் வளைவு என்பார்கள். அதன் ஓரமாகவும் இப்படி இழுக்கும். நிழலும் மறைவும் இருக்கிறது என்று அங்கே குளிக்கப் போகாதீர்கள்.

பிறகு, கரையில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவராக இருந்தால் இன்னும் நல்லது. "அண்ணாச்சி, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டால் போதும். அவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். "நீவாடு சரியில்லை மக்களே, இறங்க வேண்டாம்" என்று ஒருவர் எங்களிடம் சொன்ன காலையில் கடல் எனக்குக் குளம் போலத்தான் தெரிந்தது. பிள்ளைகள் முகம் வாடினாலும் நாங்கள் திரும்பிவிட்டோம். அந்தக் கடலில் பிழைப்பவரின் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கரைகள் பலவும் மீனவர்கள் வேலை செய்யும் இடம். காயும் வலையை மிதிக்காதீர்கள், கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் (நாட்டுப்படகில்) ஏறி அமராதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கரையில் நின்று இழுக்கும் பெருவலையான கரைமடியை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டிக் குறுக்கே ஓடாதீர்கள். அந்த மரியாதையைக் கொடுத்தால், ஆபத்தில் முதலில் ஓடி வருபவர்களும் அவர்கள்தான்.

8. தண்ணீருக்குள்

குமரியின் திறந்த கடலில் நீச்சல் அடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். குளத்திலும் ஆற்றிலும் கற்ற நீச்சல் இந்த அலைக்குப் போதாது. முழங்கால் அளவோடு நில்லுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். படம் எடுக்கும்போது எல்லோரும் செய்வது அதுதான்.

ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கைக்கு எட்டும் தூரத்தில். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். மாலை இருட்டிய பிறகும், மது அருந்தியவர்களும் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது.

யாரையாவது நீரோட்டம் இழுத்தால், இழுக்கப்படுபவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. பலம் தீர்ந்துபோவதுதான் மூழ்கக் காரணம். மல்லாந்து மிதந்து மூச்சைக் காக்க வேண்டும், கையை உயர்த்திக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். வாய்க்காலின் அகலம் குறைவு. அதை விட்டு விலகினால் அலையே கரைக்குத் தள்ளும்.

கரையில் நிற்பவர் பின்னால் குதிக்கவே கூடாது. ஒருவருக்காக இறங்கி இருவரும் போன துயரம் நம் கரைகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. மூடிய காலிக் கேனில் கயிற்றைக் கட்டி வீசுங்கள். அது மிதக்கும், அவர் பற்றிக்கொள்ளலாம். கத்தி மீனவர்களை அழையுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. மூன்றையும் எல்லோருடைய கைப்பேசியிலும் முன்பே பதிந்துவையுங்கள்.

சொறிமீன் பட்டு எரிந்தால் மணலால் தேய்க்க வேண்டாம். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையைச் சுரண்டாமல் ஒரு இடுக்கியால் மெல்ல எடுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

9. நாளை எப்படிப் பிரிப்பது

சூரிய உதயம் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணிக்கும் ஆறே முக்கால் மணிக்கும் இடையில்தான். கன்னியாகுமரி ஊரில் எல்லா மாதமும் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம், மேகம் மறைக்காவிட்டால். அரை மணி நேரம் முன்னதாகவே போய் நில்லுங்கள். வானம் நிறம் மாறுவதுதான் காட்சி.

அஸ்தமனத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் ஊரிலிருந்து பார்த்தால் சூரியன் நேராகக் கடலில் இறங்கும். மற்ற மாதங்களில் வடக்கே நகர்ந்து நிலத்தின் பக்கம் மறையும். அப்போது முட்டத்துக்குப் போய்விடுங்கள். அங்கே கரை வடமேற்காக வளைவதால் எல்லா மாதத்திலும் கடலில்தான் மறையும். சித்திரைப் பௌர்ணமி மாலையில் குமரிமுனையில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழும். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத் தக்க காட்சி.

விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணி வரை. உதயம் பார்த்த கையோடு சிற்றுண்டி முடித்து எட்டு மணிக்கு முன் வரிசையில் நின்றுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடும். அலை அதிகமானாலும் கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்துவார்கள். அதனால் படகைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாள் ஓடாவிட்டால் அடுத்த நாள் இருக்கிறது. பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் முதல் இருக்கிறது. வெயிலில் நிற்க நேரும் என்பதால் முதியவர்களுக்குத் தொப்பியும் தண்ணீரும் கையில் கொடுங்கள்.

பதினொன்று முதல் நான்கு மணி வரை அறைக்கான நேரம்.

10. சாப்பாடு

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்கள் போகும் என்பதால் மீன் அறவே கிடைக்காது என்றில்லை. ஆனால் பெரிய நெய்மீன் ஐஸில் இருந்து வந்ததாக இருக்கலாம். கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு பொதுவாக ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமை "இன்று பிடித்தது" என்று சொன்னால் எந்தக் கரையில் என்று கேளுங்கள்.

விடுதிச் சாப்பாட்டை ஒரு வேளையாவது விட்டுவிட்டு, உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் குழம்பும் (மத்தி மீன்) சாப்பிட்டுப் பாருங்கள். தேங்காய் அரைத்த குழம்பு வெளியூர்க் குழந்தைகளுக்குக் காரமாக இருக்காது. வாழைப்பழத்தில் மட்டியைத் தேடி வாங்குங்கள். விரல் நீளப் பழம், கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம்.

11. கிளம்பும் முன் எழுதிவையுங்கள்

ஊருக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் "அருமையான இடம், நல்ல உபசரிப்பு" என்று மட்டுமே எழுத வரும். அது அடுத்து வருபவருக்கு ஒன்றும் சொல்லாது. பெட்டி கட்டும் முன் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். எந்த மாதம், எந்த வாரம் என்பதை முதல் வரியில் போடுங்கள். பிப்ரவரிக் கடலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஜூலையில் ஒருவர் வரக்கூடும். தண்ணீர் உப்பா, படி எத்தனை, கல்சுவர் இருக்கிறதா, குளம் திறந்திருந்ததா, பணியாளர்கள் கடலைப் பற்றி எச்சரித்தார்களா என்பவற்றை எழுதுங்கள். குறை இருந்தால் வரவேற்பு மேசையில் முதலில் சொல்லுங்கள், திருத்தினார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோயம்புத்தூர் மதினி சென்ற முறை எழுதிய குறிப்பு என்னிடம் இருக்கிறது. "பிப்ரவரி இரண்டாம் வாரம். காலை ஏழுக்குக் கடல் அமைதி, பதினொன்றுக்குக் காற்று ஏறிவிட்டது. மணலுக்கு இறங்க முப்பத்தெட்டு படி, கைப்பிடி இல்லை. குளியல் தண்ணீர் உப்பு. காவலாளி இருட்டும் முன் எல்லோரையும் மேலே வரச் சொன்னார்." அதைப் படித்துவிட்டு, மூட்டுவலியோடு வரவிருந்த எங்கள் பெரியம்மா படியில்லாத வேறொரு விடுதியைப் பார்த்துக்கொண்டார்.